எழுத்துக்கு எடை இல்லை

விண்ணப்பத்தோடு இணைக்கும் பி.டி.எஃப். 200 கே.பி.க்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள், குறைத்தால் எழுத்து மங்கிவிடுகிறது, என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எழுத்து மங்க வேண்டிய அவசியமே இல்லை. பி.டி.எஃப்.பில் பெரும்பாலும் கனப்பவை படங்கள்தான். நம்மில் பலர் செய்வது என்னவென்றால், கணினியில் அடித்த கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முழுப் பக்கத்தையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்கிறோம். கனமே இல்லாத எழுத்து இப்போது படமாகிவிட்டது. பிறகு அந்தப் படத்தைப் பிழிகிறோம். மங்காமல் என்ன செய்யும்?

அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட பி.டி.எஃப். வடிவம், எழுத்தை வளைகோடுகளின் கணக்காக வைத்துக்கொள்கிறது. ‘க’ எப்படி வளைகிறது என்ற குறிப்பு ஒருமுறை இருந்தால் போதும். ஆயிரம் இடத்தில் வந்தாலும், சுவரொட்டி அளவுக்குப் பெருக்கினாலும் விளிம்பு பிசிறாது. ஆவணத்தில் வந்த எழுத்துகளை மட்டும் எழுத்துருவிலிருந்து பொறுக்கி உள்ளே வைக்கும் வசதியும் உண்டு. அச்சுக்கோப்பவர் அறையில் இருக்கும் பெட்டிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போகாமல், வேண்டிய அச்சுகளை மட்டும் எடுத்துப்போவது மாதிரி. ஆவணப் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் நின்றால், பொறுக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிறு சுமையும் எதற்கு, எழுத்துருவையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தமிழில் அது ஆபத்து. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு கூடவே போகாவிட்டால், அடுத்தவர் கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பல்லிளிக்கும்.

மூலம் தாளாகவே இருந்தால் ஸ்கேன் செய்துதான் ஆகவேண்டும். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508, ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 2.6 கோடி பைட். அதே பக்கம் வெறும் கறுப்பு வெள்ளையில் 11 லட்சத்துக்குள் அடங்கும். தொலைநகலுக்காக உருவான ‘குரூப் 4’ சுருக்கத்தில் போட்டால், சாதாரணக் கடிதம் நூறு கே.பி.க்கும் கீழே வந்துவிடும், ஒரு புள்ளிகூட இழக்காமல். இதை விட்டுவிட்டு ஜேபெக்கில் அழுத்தினால், அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி நுணுக்கங்களைக் கழிக்கிறது. முகத்துக்கு அது பொருந்தும். கூரான விளிம்புள்ள எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்துவிடும். புள்ளியை 72 ஆகக் குறைத்தாலோ, பத்துப் பாயின்ட் எழுத்துக்குக் கிடைக்கும் உயரமே பத்துப் புள்ளிதான். அதற்குள் மெய்யெழுத்தின் புள்ளிக்கு இடம் எங்கே? மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றாகிவிடும். போனில் நன்றாகத்தானே தெரிகிறது என்பார்கள். போன் திரையில் மூளை நிரப்பிக்கொள்கிறது. அச்சு இயந்திரம் நிரப்பிக்கொள்ளாது.

சுருக்கம் மங்கலைக் காட்டினால்கூடப் பரவாயில்லை. மங்கலே இல்லாமல் பொய் சொன்னால்? 2013இல் ஜெர்மன் கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல் அதைத்தான் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்ததும் மூன்றும் 14.13 ஆகிவிட்டன. வேறு தாள்களில் 6 என்பது 8 ஆனது. காரணம் ஜேபிக்2 என்ற சுருக்கமுறை. ஒரே மாதிரி தெரியும் துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் அதையே ஒட்டுவது அதன் உத்தி. ‘ஒரே மாதிரி’ என்பதற்கான அளவுகோலைத் தளர்த்தினால், எண்ணே மாறிவிடும். மாறிய எண் பளிச்சென்று இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஜேபிக்2வை இழப்பில்லாமலும் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால், எந்த வகையில் சுருக்குகிறது என்பதை இயந்திரத்தைப் பயன்படுத்துபவர் பார்க்கப்போவதில்லை.

ஆகவே சுருக்குவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே பாதி வேலை. கணினியில் அடித்ததை அப்படியே பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள்; கையெழுத்தை மட்டும் சிறு படமாக ஒட்டலாம். புகைப்படங்களை 150 புள்ளிக்கு இறக்கினால் அலுவலகப் பயன்பாட்டுக்குப் போதும், அச்சகத்துக்கு 300. இலவச மென்பொருளான கோஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டையும் செய்கிறது, அதுவும் நம் கணினியிலேயே. ஆதாரையும் மதிப்பெண் சான்றிதழையும் முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றிச் ‘சுருக்கி’ வாங்கும் பழக்கம் நல்லதல்ல. ‘200 கே.பி.க்குள்’ என்று ஒற்றை வரியில் கட்டளை போடும் அலுவலகங்களும் ‘கறுப்பு வெள்ளை, 300 புள்ளி’ என்று இன்னொரு வரி சேர்த்துவிடட்டும்.