சொருகினால் மட்டும் போதுமா?



மெல்லிசைக் குழுவில் கிட்டாருக்கு ஆள் உண்டு, டிரம்ஸுக்கு ஆள் இல்லை என்றால் டிரம் மெஷின் கைகொடுக்கும். கிட்டாருக்கு ஆம்ப் மாடலர் என்ற சின்னப் பெட்டி. பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் குரலை டிஜிட்டல் கணக்கால் மிமிக்ரி செய்யும். இரண்டையும் ஒரு ஜோடி ஸ்டுடியோ மானிட்டரில் கேட்பது எப்படி? "ஒய்-கேபிள் போட்டு ஒண்ணா சொருகிட்டா போச்சு" என்பார்கள். ஆமாம், போச்சுதான்!

முதலாண்டில் படித்த ஓம் விதியைக் கொஞ்சம் நினைவுபடுத்துங்கள். ஒவ்வொரு பெட்டியின் அவுட்புட் இம்பிடன்ஸும் 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நேரடியாகச் சேர்த்தால் டிரம் மெஷினின் 1 வோல்ட்டுக்கு எதிரே மாடலரின் 100 ஓம் நிற்கிறது. மொத்தம் 200 ஓம். கரண்ட் 5 மில்லி ஆம்பியர். அதே 1 வோல்ட்டை 10,000 ஓம் உள்ள மிக்சர் இன்புட்டில் கொடுத்தால் சுமார் 0.1 மில்லி ஆம்பியர்தான். ஐம்பது மடங்கு சுமை! சிக்னல் பாதியாகும், ஓசை உடையும்.

ஆகவே நடுவில் ஒரு சின்ன மிக்சர் வேண்டும். டிரம் மெஷினின் இடது, வலது அவுட்புட்கள் ஒரு ஸ்டீரியோ சேனலுக்கு, மாடலருடையவை இன்னொன்றுக்கு. மிக்சரின் மெயின் அவுட்டிலிருந்து ஆளுக்கொரு கேபிள் இரண்டு மானிட்டர்களுக்கும். பவர்டு மானிட்டருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் லைன் சிக்னல் போதும். வேறு ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட்டை அதில் கொடுக்கவே கூடாது.

மாடலரில் 'கேபினட்' வசதியை ஆன் செய்யுங்கள. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பாடாது. மானிட்டரோ 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் கிட்டார் தேனீக்கூட்டம் மாதிரி இரையும்.

சுவிட்ச் போடும்போது மானிட்டர் கடைசி. அணைக்கும்போது அதுவே முதல். இல்லையென்றால் 'டப்' என்ற அடி ட்வீட்டரில் விழும்.

இனி சொல்வதைத்தான் முக்கியமாகக் கேளுங்கள். 'ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் எர்த் பின்னைக் கழற்றுகிற பழக்கம் உண்டு. என் அப்பா மைக்செட்டில் கூலிக்குப் போகிறவர். அவர் போன ஒரு திருவிழாவில் அப்படிக் கழற்றியிருந்தார்கள். மைக்கைத் தொட்ட பாடகரைத் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தார். "அது ஏன்டா அப்படி?" என்று அப்பா கேட்டபோது, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னால் பதில் சொல்ல முடிந்தது. கிட்டார் கம்பிகள் கேபிள் ஷீல்டோடு சேர்ந்திருக்கின்றன. மாடலருக்கும் டிரம் மெஷினுக்கும் பெரும்பாலும் இரண்டு முள் அடாப்டர்தான். மிக்சரும் அப்படியே என்றால் மானிட்டரின் மூன்றாவது முள்தான் அத்தனைக்கும் எர்த். அதைக் கழற்றிவிட்டால், உள்ளே இன்சுலேஷன் கெடும் அன்று கம்பியில் 230 வோல்ட் காத்திருக்கும்.

இரைச்சலுக்கு வேறு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். மிக்சரிலிருந்து மானிட்டருக்கு பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து லூப்பைப் பிரியுங்கள்.

பாட்டு கொஞ்சம் இரைச்சலோடு கேட்டாலும் பரவாயில்லை நண்பர்களே, பாடுகிறவன் நாளைக்கும் பாட வேண்டும்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை