மலைக்குக் கிளம்பும் கைக்குழந்தை: குல்லா மட்டும் போதாது

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே கீழிருந்து வந்த குடும்பங்களை அடையாளம் கண்டுவிடலாம். கைக்குழந்தைக்குக் கண் மட்டும் தெரிகிற மங்கி குல்லா, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஒரு துவாலை. கீழே பார்த்தால் வெறுங்கால் தொங்கிக்கொண்டிருக்கும், டயப்பர் நனைந்து கனத்திருக்கும். கேட்டால், "தலைக்குத்தாங்க குளிர் ஏறும், அதான் நல்லா மூடியாச்சு" என்பார்கள்.

தலையை மூடுவது சரிதான். குழந்தையின் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, சூடு அந்த வழியாக நிறையவே போகும். ஆனால் நனைந்த துணி அதைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர்தான். அதற்குள் 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறோம்; ஏறத்தாழ 12 டிகிரி வெப்பம் குறைகிறது. நமக்கு நடுக்கம் வரும், அந்த நடுக்கமே சூடு தரும். கைக்குழந்தையால் அப்படி நடுங்க முடியாது. உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் ஒருவகைக் கொழுப்பை எரித்துத்தான் அது சூட்டைக் காத்துக்கொள்கிறது. பால் குறைந்தால் அதுவும் குறையும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, இரண்டு மூன்று மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் என் யோசனை ஒன்றுதான்: பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். ஊட்டி எங்கேயும் போய்விடாது.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கணக்கு எளிது. நீங்கள் எத்தனை அடுக்கு போட்டிருக்கிறீர்களோ அதைவிட ஒன்று கூடுதல், அவ்வளவுதான். முதலில் உடம்போடு ஒட்டிய பருத்தி பனியன் துணியில் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும். கம்பளி நேராகத் தோலில் பட்டால் தடிப்பு வரும். அதன் மேல் ஃபிளானல் போல சற்றுத் தடித்த ஒன்று. கடைசியாக, முன்பக்கம் திறக்கக்கூடிய ஸ்வெட்டர். தலைவழியாக மாட்டுவதை வாங்காதீர்கள். அதைக் கழற்ற அலுத்துக்கொண்டே சூடான பேருந்துக்குள்ளும் குழந்தையை வேகவைப்பீர்கள். கழுத்தில் கட்டும் நாடா, ரிப்பன், குஞ்சம் எதுவும் வேண்டாம், வெட்டி எறியுங்கள். காலுறையையும் கையுறையையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிரிந்து தொங்கும் ஒரு நூல் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால் முதலில் காலுறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள்.

போதுமான சூடு இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் கையையும் காலையும் தொடுகிறார்கள். தவறு. குழந்தையின் கை கால் சற்றுச் சில்லென்று இருப்பது இயல்பு. நெஞ்சையோ பிடரியையோ தொடுங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். சில்லிட்டிருந்தால்தான் கவலை.

பீரோவுக்கு வருவோம். இதைச் சொன்னால் பலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் கம்பளித் துணியில் பாச்சை உருண்டை வாசனை இருக்கும். அது நாப்தலின். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தை அந்தத் துணியை உடுத்தினால், அதன் ஆவியை முகர்ந்தால், ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும்; கடுமையானால் மூளையையே தாக்கும். ஆண் குழந்தைகளிடம் இந்தக் குறைபாடு அதிகம். உங்கள் குழந்தைக்கு அது உண்டா என்று பெரும்பாலும் உங்களுக்கே தெரியாது. ஆகவே பயணத்துக்குச் சில நாள் முன்பே துணியை எடுத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வாசனை போகவில்லையா, அந்தத் துணி குழந்தைக்கு வேண்டாம். பாட்டி பின்னியது, அத்தை கொடுத்தது என்ற சமாதானமெல்லாம் இதற்குச் செல்லாது. போட்ட பிறகு கண் மஞ்சளானாலோ, சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போனாலோ, உடம்பு வெளுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "பாச்சை உருண்டை வைத்த துணி போட்டோம்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஊட்டிக்குப் போனால் நீலகிரித் தைலம் வாங்காமல் திரும்புவோர் குறைவு. வாங்கிய கையோடு குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் தடவுகிறார்கள். தைலமும் கற்பூரம் கலந்த களிம்பும் கைக்குழந்தைக்கு ஆகாது. மூச்சுத் திணறல் வரலாம். வாய்க்குள் போய்விட்டால் வலிப்பே வரும். குளிருக்கு இரண்டு சொட்டு பிராந்தி என்பதோ இன்னும் மோசம். மது உடம்புச் சூட்டையும் குறைக்கும், ரத்தச் சர்க்கரையையும் குறைக்கும்.

அடுத்தது விடுதி அறை. கரி அடுப்பையோ கணப்பையோ மூடிய அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கொடைக்கானலில் இப்படிக் கரியை அறைக்குள் வைத்துத் தூங்கிய பெரியவர்களே எழுந்திருக்காத செய்தியைப் படித்திருக்கிறோம், அடுத்த குளிர்காலத்துக்குள் மறந்தும் விடுகிறோம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று விடுதிக்காரர் சொன்னாலும் வேண்டாம். சுடுநீர்ப் பையைக் குழந்தையின் பக்கத்தில் வைத்தால் தோல் வெந்துவிடும். தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள், மல்லாக்கப் படுக்க வையுங்கள், உங்கள் ரஜாய்க்குள் இழுத்துக்கொள்ளாதீர்கள். குளிரால் மட்டும் ஆபத்து என்றில்லை. அதிகச் சூடும் மூடிய முகமும் சேர்ந்தால் தூக்கத்திலேயே உயிர் போகக்கூடும்.

சாலை பற்றிச் சுருக்கமாக. காரில் குழந்தை இருக்கையின் வாரைத் தடித்த ஸ்வெட்டர் மேல் மாட்டினால் வார் தளர்வாகத்தான் இருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றி, வாரை இறுக்கி, அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள். ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் பைக்கிலேயே கைக்குழந்தையோடு ஏறுகிறவர்களும் உண்டு. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு வார், 9 மாதத்திலிருந்து தலைக்கவசம், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்பது 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. குளிர்காற்று நேராக முகத்தில் அறையும் அந்தப் பயணத்தைக் கைக்குழந்தையோடு செய்யாமலிருப்பதே நல்லது.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. சோதனைச் சாவடியில் அதைப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்காகப் பையைத் துழாவுவார்கள். பின் இருக்கையில் நனைந்த துணியோடு கிடக்கும் குழந்தையை யார் கண்டுகொள்கிறார்கள்? பேருந்து நிலையத்தில் தாய்மார் பாலூட்டும் அறை என்று பலகை தொங்கும், கதவில் பூட்டும் தொங்கும். பூட்டியிருந்தால் முணுமுணுத்துவிட்டுப் போகாதீர்கள். முதல்வரின் உதவி மையம் 1100. இடம், நேரம் சொல்லிப் புகாரைப் பதிவுசெய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் மாற்றுத் துணி இரண்டு செட், கூடுதல் டயப்பர், டிஜிட்டல் வெப்பமானி, தாய் சேய் நல அட்டை இருக்கட்டும். பிறந்த எடையும் போட்ட தடுப்பூசியும் அந்த அட்டையில்தான் இருக்கின்றன. அதை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு வந்து, மருத்துவர் கேட்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில் பயனில்லை. குறைந்தது செல்போனில் படமாவது எடுத்து வையுங்கள்.

வெப்பமானியை அக்குளில் வைத்துப் பார்க்கும்போது 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதற்குக் கீழே போனால் ஈரத்துணியைக் கழற்றி, டயப்பரும் குல்லாவும் மட்டும் விட்டு, தாயின் வெற்று மார்போடு குழந்தையை அணைத்து, மேலே போர்வை போர்த்திப் பால் கொடுங்கள். 36-க்குக் கீழே போனாலோ, நெஞ்சு சில்லிட்டு அழுகை மெலிந்து பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டாலோ வேடிக்கை பார்க்க வேண்டாம், 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கன்னம் சிவந்திருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், சில்லிட்ட பச்சிளங்குழந்தையின் முகமும் சிவக்கும். வண்டி வரும்வரை மார்போடு அணைத்திருப்பதை நிறுத்தாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், வேறு மருத்துவமனைக்கு மாற்றும் வண்டி எல்லாம் இலவசம். ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் இது உங்கள் உரிமை, வெளியூர்க்காரர் என்றாலும்தான். யாராவது பணம் கேட்டால் மருத்துவ உதவி எண் 104-லும், 1100-லும் புகார் செய்யுங்கள்.

அறையில் ஹீட்டர் உண்டு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, ராத்திரியில் கரிச்சட்டியை நீட்டும் விடுதிகளும் இருக்கின்றன. விளம்பரப் பக்கத்தின் படம், பணம் கட்டிய ரசீது, அறையின் புகைப்படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இதற்காகத் திரும்பவும் மலையேற வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப்போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.