தன்னுடலைத் தான் பேணும் பழக்கம்

இடைவேளை முடிந்து மணி ஒலிக்கின்றது. மைதானத்தில் ஓடியாடிய சிறுவர்கள் வியர்வை வழிய வகுப்பறைக்குத் திரும்புகின்றனர். தரம் 7இல் பயிலும் சிறுவன் ஒருவன் தன் வாங்கில் வந்து அமர்கின்றான். அருகில் இருந்தவன் சற்றே விலகி வாங்கின் நுனிக்குப் போகின்றான். பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுகின்றது. அதைத் தொடர்ந்து ஒரு பட்டப்பெயரும் எழுகின்றது. அச்சிறுவனுக்குக் காரணம் விளங்கவில்லை. மறுவாரம் தலையிடி என்று சொல்லி ஒரு நாள் வீட்டில் நிற்கின்றான். அதற்கடுத்த வாரம் வயிற்றுவலி என்று இரண்டு நாள் நிற்கின்றான். படிப்பிற் குறைவில்லாத பிள்ளை பாடசாலைக்குப் போகப் பின்னிற்பது ஏனென்று வீட்டார் திகைக்கின்றனர்.

இந்நிகழ்ச்சி ஏதோவொரு பாடசாலைக்கு மட்டும் உரியதன்று. பத்து வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைகள் பயிலும் எவ்விடத்திலும் இதனைக் காணலாம். இதிற் பிள்ளையின் பிழை சிறிது. பெரியோரின் மறதி பெரிது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மகனின் பக்கத்தில் இரவிரவாக இருந்து, ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிப் பார்க்கும் பெற்றோர், அவனுடைய உடலைப் பேணும் பொறுப்பு எந்த நாளில் தம்மிடமிருந்து அவனிடம் கைமாறிற்று என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எட்டு வயதுவரை தாய் கிணற்றடியில் நிறுத்தி முதுகு தேய்த்து வார்த்தாள். பின்னர் ஒருநாள், “நீ பெரிய பிள்ளை, இனி நீயே குளி” என்றாள். அவ்வளவுதான். வாளியைக் கொடுத்தார்களேயன்றி வகையைக் கற்பிக்கவில்லை.

அதுவரை தலையில் நாலு வாளி நீர் ஊற்றிக்கொண்டால் போதுமாயிருந்தது உண்மை. ஆனால், ஆண்பிள்ளைகளின் உடல் பெரும்பாலும் 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையிற் பருவமாற்றத்தைத் தொடங்குகின்றது. மனித உடலில் இருவகை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒருவகை உடலெங்கும் பரந்து, பிறந்த நாள்முதல் நீரையும் உப்பையும் வெளிவிட்டு உடலைக் குளிர்விக்கின்றது. மற்றைய வகை அக்குளிலும் அரைப்பகுதியிலும் அமைந்து, குழந்தைப் பருவத்தில் உறங்கிக் கிடந்து, பருவமாற்றத்தோடு விழித்தெழுகின்றது. இதிலிருந்து வரும் கசிவில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். கசியும் வேளையில் அதற்கு மணமில்லை எனலாம். தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கின்றது. இதே காலத்தில் முகத்திலும் தலையிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாக வேலை செய்யத் தொடங்குகின்றன. ஆகவே, நேற்று வரை போதுமாயிருந்த குளிப்பு இன்று போதாதாகின்றது. பிள்ளை மாறவில்லை, பழக்கமும் மாறவில்லை, உடல் மாறிவிட்டது.

இங்கே பெற்றோர் அறிய வேண்டிய இன்னொரு உண்மை உண்டு. மூக்கு, தன்னோடு எப்போதும் இருக்கும் மணத்தை விரைவில் உணராது போகும் இயல்புடையது. கருவாட்டுக் கடையில் நாள்முழுதும் நிற்பவருக்குக் கருவாட்டின் மணம் தெரிவதில்லை. அவ்வாறே சிறுவனும் தன் சட்டையின் நாற்றத்தைத் தானறியான். “உனக்கே மணக்கவில்லையா?” என்று கேட்பது பயனற்ற கேள்வி. மெய்யாகவே அவனுக்கு மணப்பதில்லை. மணத்தைக் கொண்டு அவன் தன்னைத் திருத்திக்கொள்ள இயலாதாதலின், காலத்தைக் கொண்டும் ஒழுங்கைக் கொண்டுமே திருத்திக்கொள்ள வேண்டும்.

குற்றஞ்சாட்டும் குரலில் ஓதப்படும் சுகாதாரத்தைக் கற்றவர்களும் ஏற்பதில்லை. 1847ஆம் ஆண்டு வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவ அறைக்குள் நுழையுமுன் வைத்தியர்கள் குளோரின் கலந்த சுண்ணக் கரைசலிற் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். தாய்மாரின் மரணம் வெகுவாகக் குறைந்தது. அப்படியிருந்தும் வைத்தியர் பலர் அவ்விதியை வெறுத்தனர். நோயைக் கொண்டுவந்தது தம் கைகளே என்ற எண்ணம் அவர்களுக்குப் பொறுக்க முடியாத அவமதிப்பாகத் தோன்றியது. பட்டம் பெற்ற வைத்தியர்க்கே இவ்வாறாயின், பதினொரு வயதுச் சிறுவன் தம்பி தங்கையர் முன்னிலையில், “ஊத்தையன்” என்று ஏசப்பட்டால் எவ்வாறு திருந்துவான்? அவன் குளிக்கப் போவான். ஆனால் சுத்தத்துக்காகப் போகான், ஏச்சு நிற்பதற்காகப் போவான். ஏசுபவர் இல்லாத நாளிற் குளிக்கமாட்டான்.

ஆகவே, பொறுப்பைக் கைமாற்றுதல் படிப்படியாக நிகழ வேண்டும். முதலாவது படி, செய்து காட்டுதல். இரண்டாவது, உடனிருந்து செய்வித்தல். மூன்றாவது, அவன் செய்தபின் பார்த்தல். நான்காவது, அவனிடமே விட்டுவிடுதல். சைக்கிள் ஓட்டப் பழக்கும் தகப்பன் முதலில் இருக்கையைப் பிடித்து ஓடுகின்றான்; பின்பு பிடிப்பதுபோற் பாவனை செய்து ஓடுகின்றான்; பின்பு நின்றுவிடுகின்றான். உடற்சுத்தத்திலும் இதுவே முறை. மூன்றாவது படியில் மாதக்கணக்காக நிற்க நேரிடினும் சலிப்படைதல் ஆகாது.

கற்பிக்கும்போது “சுத்தமாய் இரு” என்று பொதுப்படச் சொல்வதனாற் பயனில்லை. எதனை, எப்போது, எவ்வளவு நேரம் செய்வது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். குளிக்கும்போது சவர்க்காரம் முக்கியமாகச் சேர வேண்டிய இடங்கள் அக்குள், அரை, பாதம் என்பன. விரலிடுக்குகளைத் துவாயால் ஈரம்போகத் துடைக்க வேண்டும். ஈரத்திலேதான் படர்தாமரை போன்ற பூஞ்சண நோய்கள் பற்றுகின்றன. உள்ளாடையும் காலுறையும் ஒருநாள் அணிந்தால் மறுநாள் தோய்க்கப்பட வேண்டும். பல் துலக்குதல் காலையிலும் உறங்கப் போகுமுன்னும் இருமுறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம், புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையினால் நிகழ வேண்டும். 12 வயதளவில் வாயின் கடைசியில் இரண்டாம் கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவசரத் துலக்கல் அங்கே எட்டுவதில்லை. கைகளை உணவுக்கு முன்னும் மலசலகூடத்துக்குச் சென்றபின்னும் சவர்க்காரமிட்டு 20 விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். வாரத்தில் ஒருநாள் குறித்து நகம் வெட்டினால், நகத்தின் கீழ்த் தங்கிப் பரவும் புழுமுட்டைகள் குறையும்.

இவற்றைப் புதிய கடமைகளாகச் சுமத்தாது, ஏற்கெனவே உள்ள பழக்கங்களோடு பிணைத்துவிட்டால் சுமை தோன்றாது. விளையாடி வந்ததும் குளிப்பு. குளித்ததும் அழுக்குடை கூடைக்குள். இரவுச் சாப்பாட்டின் பின் பல் துலக்கல். சிறுவனுக்கென்று தனித் துவாய், தனிச் சவர்க்காரம், தனிச் சீப்பு, அவற்றை வைக்க ஒரு தட்டு ஆகியவற்றைக் கொடுத்தல் நன்று. தன்னுடையது என்று ஒன்று இருக்கும்போதே அதனைப் பேணும் எண்ணமும் வரும். தன் காலுறையைத் தானே தோய்க்கப் பழகியவன், அதனைச் சேற்றில் இழுக்குமுன் ஒருமுறை யோசிப்பான்.

எல்லா வீடும் ஒருவகை வீடன்று என்பதையும் மறத்தலாகாது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். அங்குள்ள கிணற்றுநீர் பல இடங்களிற் கடின நீராதலாற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் தேய்ப்பதைவிட, குறித்த இடங்களிற் செவ்வையாகத் தேய்த்து நன்கு அலசுவதே தக்கது. நன்னீர் அரிதான தீவுப்பகுதிகளிலே அரைவாளி நீரும் ஒரு துணித்துண்டும் கொண்டு முகம், அக்குள், அரை, பாதம் என்ற ஒழுங்கிற் கழுவிக்கொள்ளப் பழக்கலாம். மலையகத்துத் தோட்டங்களிற் பலர் கூடும் பீலியடியிலே சிறுவன் வெட்கத்தினால் உடுத்த துணியோடு நீர் ஊற்றிக்கொண்டு ஓடிவிடுகின்றான். அவனுக்கு வேண்டியது அறிவுரையன்று, ஒரு மறைவிடம். ஒரேயொரு வெள்ளைச் சட்டை உள்ள பிள்ளை மாலையிலேயே அதனைத் தோய்த்துக் காயப்போடும் பழக்கம் பெற்றால், வறுமை அவன் சுத்தத்துக்குத் தடையாகாது.

மறைவாகச் சொல்ல வேண்டியவற்றை மறைவாகவே சொல்ல வேண்டும். சொல்லாது விடுதல் தவறு. மறைவுறுப்பை நாள்தோறும் நீராற் கழுவ வேண்டும் என்பதும், முன்தோல் இயல்பாகப் பின்வரும் அளவுக்கே நகர்த்தப்பட வேண்டும், வலிந்து இழுத்தல் ஆகாது என்பதும், உரோமம் முளைத்தலும் குரல் உடைதலும் நோயல்ல என்பதும் சிறுவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தகப்பன் சொல்வது சிறப்பு. தகப்பன் வெளிநாட்டில் உழைப்பவராகவோ இல்லாதவராகவோ இருந்தால் மாமனோ சித்தப்பாவோ மூத்த தமையனோ சொல்லலாம். ஒருவருமில்லாதவிடத்துத் தாயே தயங்காது சொல்லலாம். இருவர் சேர்ந்து தோட்டத்துக்கு நீரிறைக்கும்போதோ வீதியில் நடக்கும்போதோ, முகம்பாராது பேசும் பேச்சு இதற்கு ஏற்றது.

வாசனைத் திரவியம் தெளித்தாற் போதும் என்று எண்ணும் சிறுவரும் உளர். அது நாற்றத்தை மூடுமேயன்றி நீக்காது. குளித்துத் துடைத்த உடலுக்கு அது ஓர் அலங்காரமாகலாம். குளியாத உடலுக்கு அது பதிலாகாது.

பாடசாலைக்கும் இதிற் பங்குண்டு. நீர்க்குழாயருகே சவர்க்காரம் இல்லாத பாடசாலையிற் கைகழுவலைப் பற்றிப் பாடம் நடத்துதல் பொருந்தாது. வரிசையில் நிறுத்தி நகம் பார்க்கும் ஆசிரியர், குறை கண்டவனை எல்லோர் முன்னும் இழுத்து நிறுத்தாது, பின்னர் தனியே அழைத்து இரண்டு வார்த்தை சொல்வதே நற்பயன் தரும். பட்டப்பெயர் எழும் வகுப்பில் அதனைக் கேளாததுபோல் இருப்பதும் ஆசிரியருக்கு அழகன்று.

எவ்வளவு சொல்லியும் செய்தும் குறை நீங்காவிடின், பிள்ளையின்மேற் பழிபோடுமுன் வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும். இரவிலே கடிக்கும் சொறி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. வீட்டார் எல்லோரும் ஒரே வேளையில் மருந்திட்டாலன்றி நீங்காது. சிலருக்கு வியர்வை அளவுக்கு மீறிச் சுரத்தலும் உண்டு. முன்பு சுத்தமாயிருந்த பிள்ளை திடீரெனக் குளிப்பையும் உடையையும் கைவிட்டால், அவன் மனத்தில் ஏதோ துயரம் புகுந்துள்ளதோ என்றும் அன்போடு விசாரித்தறிய வேண்டும்.

முதலிற் கண்ட அச்சிறுவனுக்குத் தேவைப்பட்டது பெரிய பொருள் எதுவுமன்று. ஒரு மாலைப்பொழுதில் வீட்டிலொருவர் அவனைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, “உன் உடம்பு வளர்கின்றது, தம்பி, இனி இதை இப்படிக் கவனிக்க வேண்டும்” என்று பத்து நிமிடம் சொல்லியிருந்தால், வாங்கின் நுனிக்கு எவரும் விலகியிருக்கமாட்டார், அவனும் தலையிடி என்று வீட்டில் நின்றிருக்கமாட்டான். அந்தப் பத்து நிமிடத்தை இன்றைக்கேனும் ஒதுக்குதல் எந்த வீட்டாராலும் இயலும்.