மரங்கொத்தியின் சிரிப்புக்குச் சொந்தக்காரி

மரங்கொத்திப் பறவை சிரித்து நீங்கள் கேட்டதுண்டா? தோட்டத்து மரத்தில் அது 'டொக், டொக்' என்று தட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அமெரிக்காவிலே ஒரு மரங்கொத்தி சிரித்தது. சாதாரணச் சிரிப்பா அது! ஊரைக் கூட்டும் சிரிப்பு. அழுகிற குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும் சிரிப்பு.

உட்டி உட்பெக்கர் என்பது அந்தப் பறவையின் பெயர். சிவப்புக் கொண்டை, நீல உடம்பு, வெள்ளை வயிறு. வம்பு எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு போகிற சுபாவம். சினிமாத் திரையில் பிறந்து, பிறகு டெலிவிஷன் மூலமாக வீட்டுக்கு வீடு நுழைந்த சித்திரப் பாத்திரம் அது. அந்தப் பறவைக்கு வெகு காலம் குரல் கொடுத்தவர் ஓர் அம்மாள் என்பதும், அவருடைய பெயர் பல வருஷங்கள் திரையில் வராமலே இருந்தது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

தியேட்டரிலிருந்து கூடத்துக்கு

முதலில் இந்தச் சித்திரப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1930, 1940-களில் அமெரிக்கத் தியேட்டர்களில் பெரிய படத்துக்கு முன்னால் செய்திப் படம் ஒன்று ஓடும். அதோடு ஏழு நிமிஷத்துக்கு ஒரு கார்ட்டூன் படமும் ஓடும். கல்யாணச் சாப்பாட்டில் இலை ஓரத்தில் வைக்கிற இனிப்பைப் போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். மிக்கி மவுஸ், பாப்பாய், பக்ஸ் பன்னி, டாம் அண்ட் ஜெர்ரி எல்லாரும் இப்படி இலை ஓரத்தில் வந்தவர்கள்தாம்.

1948-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. பட முதலாளிகள் தங்கள் படங்களை ஒரே கட்டாகக் கட்டித் தியேட்டர்காரர் தலையில் சுமத்தக்கூடாது என்பது அதன் சாரம். நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் பெரிய படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த குட்டிப் படங்களுக்கு இது கஷ்டகாலமாக முடிந்தது. "இதற்கு வேறு தனியாகப் பணமா?" என்று தியேட்டர்காரர்கள் கையை விரித்தார்கள். படம் எடுக்கும் செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. டாம் அண்ட் ஜெர்ரி எடுத்து வந்த எம்.ஜி.எம். கம்பெனி தன் கார்ட்டூன் பிரிவை 1957-ல் மூடியே விட்டது.

அந்தச் சமயத்தில் கைகொடுத்தது டெலிவிஷன். 1954 அக்டோபர் 27-ந் தேதி வால்ட் டிஸ்னி தாமே தோன்றி நடத்திய நிகழ்ச்சி ஏ.பி.சி. டெலிவிஷனில் ஆரம்பமாயிற்று. 1956-ல் பாப்பாயின் பழைய படங்கள் டெலிவிஷனுக்கு வந்தன. பெட்டிக்குள் தூங்கிய படங்களுக்கு மறுபிறவி கிடைத்தது. அவை முதன்முதல் வெளிவந்த நாளில் பிறக்காத குழந்தைகள், வீட்டுக் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவற்றைப் பார்த்தார்கள்.

பெரியவர் சொன்ன பாடம்

1957 அக்டோபர் 3-ந் தேதி வியாழக்கிழமை, 'உட்டி உட்பெக்கர் ஷோ' ஆரம்பமாயிற்று. மறுநாள்தான் ருஷ்யா ஸ்புட்னிக்கை வானத்தில் ஏவியது! பெரியவர்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக் கவலைப்பட்ட அந்த வாரத்தில், குழந்தைகளுக்கு ஒரு மரங்கொத்தி கிடைத்தது.

அரை மணி நேர நிகழ்ச்சி. மூன்று பழைய சித்திரப் படங்கள். அவற்றுக்கு நடுவே படங்களின் கர்த்தாவான வால்டர் லாண்ட்ஸ் வந்து பேசுவார். 1899-ல் பிறந்த லாண்ட்ஸ், பத்திரிகை ஆபீஸில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து படிப்படியாக முன்னுக்கு வந்த மனிதர். ஊமைப்பட காலத்திலேயே 'டிங்கி டூடில்' என்ற சித்திரப் பையனோடு தாமும் திரையில் தோன்றியவர். ஆகவே காமிராவைக் கண்டு அவருக்குக் கூச்சமில்லை. பக்கத்து வீட்டு மாமாவைப் போல நின்றுகொண்டு, சித்திரங்கள் எப்படி நடக்கின்றன என்ற ரகசியத்தைக் குழந்தைகளுக்கு விளக்கினார்.

அது என்ன ரகசியம்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஏழு நிமிஷத்துக்கு 10,080 ஆயிற்று. ஒரே சித்திரத்தை இரண்டிரண்டு தடவை படம் பிடித்தாலும் ஐயாயிரம் சித்திரம் வேண்டும்! இரண்டு பாத்திரங்கள் தனித்தனியாக ஆடி ஓடினால் இன்னும் அதிகம். முதலில் கதையைச் சிறு சிறு படங்களாக வரைந்து பலகையில் வரிசையாகக் குத்துவார்கள். தலைமைச் சித்திரக்காரர் அசைவின் முக்கியமான நிலைகளை வரைவார். இடைப்பட்ட நிலைகளை உதவியாளர்கள் நிரப்புவார்கள். அப்புறம் அத்தனையும் கண்ணாடி போன்ற ஸெல்லுலாயிட் தாளில் ஏற வேண்டும். அதைப் பின்னணிச் சித்திரத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க வேண்டும்.

பழைய படங்களை அப்படியே காட்டிவிடவும் முடியவில்லை. தியேட்டரில் பெரியவர்களும் பார்த்த படங்கள் அல்லவா? குடிவெறிக் காட்சிகள் கத்தரிக்கப்பட்டன. நீக்ரோ மக்களைப் பரிகாசம் செய்த படங்கள் அடியோடு ஒதுக்கப்பட்டன. ஒரு காலத்தில் கொட்டகை முழுவதும் சிரித்த விஷயத்தை வீட்டுக் கூடத்தில் குழந்தைக்குக் காட்டலாமா என்று யோசிக்கும்போதுதான் சில தவறுகள் கண்ணில் படுகின்றன.

கோடு போட்ட கைகள்

ஸெல்லுலாயிட் தாளில் கோட்டை ஏற்றுகிற வேலையைச் செய்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் பெண்கள். ஹாலிவுட் கார்ட்டூன் ஸ்டூடியோக்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். கைரேகை படாமலிருக்க உறை மாட்டிக்கொண்டு, மெல்லிய பேனாவினால் ஒரு மயிரிழை பிசகாமல் மைக்கோடு போடுவார்கள். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வர்ணம் தீட்டுவார்கள். புள்ளிக் கோலத்தில் ஓர் இழை தப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஓர் இழை தப்பினால் திரையில் பாத்திரத்தின் மூக்கே துடிக்கும்!

இத்தனை பொறுமைக்கும் கிடைத்தது குறைந்த சம்பளம். திரையில் பெயரும் கிடையாது. 1938-ல் சித்திரக்காரியாகச் சேர விரும்பி டிஸ்னி கம்பெனிக்கு எழுதிய ஒரு பெண்ணுக்கு, படைப்பு வேலைகளைப் பெண்கள் செய்வதில்லை, அது வாலிபர்களுக்கு உரியது, பெண்களுக்கு மைக்கோடும் வர்ணமும்தான் என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். அந்தப் பெண்கள் பார்த்துப் பார்த்துத் தீட்டிய சிவப்பும் நீலமும் 1957-ல் டெலிவிஷனில் வெறும் சாம்பல் நிறமாகத்தான் வந்தன. ஏ.பி.சி. வண்ணத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது 1962-ல்தான்!

இந்த வேலியைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். லாண்ட்ஸின் ஸ்டூடியோவில் 1930-களிலிருந்தே லாவெர்ன் ஹார்டிங் என்ற பெண்மணி அசைவுச் சித்திரங்கள் வரைந்து வந்தார். 1950-க்குப் பிறகு ஜனங்கள் பார்த்த உட்டியின் அழகான உருவம் அவர் திருத்தி அமைத்ததே. சில படங்களில் அவர் பெயர் 'வெர்ன் ஹார்டிங்' என்று மட்டும் வரும். படித்தவர்களில் எத்தனை பேர் அவரை ஓர் ஆண்பிள்ளை என்றே நினைத்தார்களோ! 1980-ல் சித்திரப்படத் துறையின் உயர்ந்த பரிசாகிய வின்ஸர் மக்கே விருது அவரைத் தேடி வந்தது. 

பெயர் எழுதாத ஒலிப்பதிவு

இனி, குரலுக்கு உரியவரிடம் வருவோம். உட்டி பிறந்தது 1940 நவம்பரில் வந்த 'நாக் நாக்' என்ற படத்தில். அப்போது அதற்குக் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க் என்ற புகழ்பெற்ற நடிகர். அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடவே, மற்ற ஆண்கள் சிலர் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள்.

லாண்ட்ஸின் மனைவி கிரேஸ் ஸ்டாஃபோர்ட் மேடையிலும் திரையிலும் நடித்த நடிகை. புது மணத் தம்பதிகளாக ஓர் ஏரிக்கரைக் குடிசையில் தங்கியிருந்தபோது, கூரையை ஒரு மரங்கொத்தி ஓயாமல் கொத்தியதாகவும், "இதையே பாத்திரமாக்குங்களேன்!" என்று கிரேஸ் யோசனை சொன்னதாகவும் தம்பதிகள் கதை சொல்வார்கள். கதை ரஸமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே உட்டியின் முதல் படம் வெளிவந்துவிட்டது என்று தேதியை ஒத்துப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள்!

பணமுடையால் 1949-ல் ஸ்டூடியோவை மூடிய லாண்ட்ஸ், 1950-ல் மறுபடி திறந்தார். உட்டிக்குப் புதுக் குரல் தேவைப்பட்டது. "நான் பேசிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார் கிரேஸ். பெண்பிள்ளை எப்படி உட்டியாகப் பேசுவது என்று கணவர் தட்டிக் கழித்துவிட்டார்.

வேறு யாராவது என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். கிரேஸ் அப்படிச் செய்யவில்லை. சத்தம் போடாமல் தம் குரலை ஒலிப்பதிவு செய்தார். பெயர் எழுதாமல், மற்றவர்களுடைய பதிவுகளோடு சேர்த்து வைத்துவிட்டார். லாண்ட்ஸ் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். "இதுதான் உட்டி!" என்று ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். அது தம் வீட்டுக் குரல்தான் என்று தெரிந்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

பெயர் வந்த நாள்

வேலை கிடைத்தது, பெயர் வரவில்லை. இந்தத் தடவை தடுத்தவர் கணவர் அல்ல, கிரேஸேதான். இந்தப் போக்கிரிப் பறவைக்குள் இருப்பது ஒரு பெண்ணின் குரல் என்று தெரிந்தால் குழந்தைகள் ஏமாந்து போவார்களே என்று அவருக்குப் பயம். ஆகவே தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் பெண்களுடைய மனத்திலேயே அந்த வேலி எவ்வளவு ஆழமாக ஊன்றப்பட்டிருந்தது, பாருங்கள்!

நாளடைவில் அந்தப் பயம் தெளிந்தது. தாம்தான் உட்டியின் குரல் என்று பிறர் அறிவதில் அவருக்கே சந்தோஷம் பிறந்தது. 1958-ல் வந்த 'மிஸ்கைடட் மிஸைல்' படம் முதல் திரையில் அவர் பெயர் வந்தது. குழந்தைகள் ஏமாந்து போனார்களா? இல்லவே இல்லை. முன்போலவே விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1972-ல் லாண்ட்ஸ் ஸ்டூடியோவை ஒரேயடியாக மூடும் வரையில் உட்டி பேசியதெல்லாம் கிரேஸின் குரலில்தான். 1979-ல் லாண்ட்ஸுக்குக் கௌரவ ஆஸ்கார் விருது கிடைத்தது. கிரேஸ் 1992-லும், லாண்ட்ஸ் 1994-லும் காலமானார்கள்.

நம் வீடுகளிலும் பெயர் போடாத வேலைகள் எத்தனை நடக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். "நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள வேண்டுமா?" என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம். அடக்கம் நல்ல குணந்தான். ஆனால் செய்த வேலைக்குப் பெயர் இருப்பதில் அடக்கக் குறைவு ஒன்றுமில்லை. கிரேஸ் அம்மாள் அதைத் தெரிந்துகொள்ளச் சில வருஷங்கள் பிடித்தன. நமக்கு அவ்வளவு காலம் வேண்டாம்.

பழைய சித்திரப் படம் ஒன்றை உங்கள் குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கும் சந்தர்ப்பம் வந்தால், ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விடாதீர்கள். குழந்தையை அந்தப் பெயர்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மைக்கோடு போட்ட பெண்களின் பெயர் அங்கே இராது. அந்தக் கோடுகளை யார் போட்டார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.