கரணம்: ஆடலில் அமைந்த யோகம்

கையும் காலும் உடலும் ஓர் அசைவில் இணைவதே கரணம். பரதரின் நாட்டிய சாஸ்திரம் 108 கரணங்களை விளக்குகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் சிவனே ஆடுவதாக 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மீதி 27 கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. ஏன் நின்றது அந்த உளி? அழகான புதிர் அது.

யோகாசனத்தில் உடல் ஒரு நிலையில் நிலைக்கிறது. கரணத்தில் நிலையும் அசைவும் ஒன்றையொன்று தொடர்கின்றன. ஒற்றைக்காலில் நின்று மறுகாலைத் தூக்கும்போது கணுக்காலின் சிறு தசைகள் இடைவிடாமல் உடலைச் சரிசெய்கின்றன. சமநிலை வளர்வது அங்கேதான். முழங்கால்களை மடித்துப் பாதி அமரும் அரைமண்டி நிலை தொடைத் தசைகளுக்கு வலுவூட்டுகிறது. முதுகு நிமிர்ந்திருப்பதால் மூச்சும் தடையின்றி ஓடுகிறது. முழங்கால், பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்பினால் மூட்டு வலிக்கும். வெறும் சிமென்ட் தரையில் ஓங்கித் தட்டி ஆடுவதும் நல்லதல்ல.

தாளக் கணக்கு, பார்வை, கைமுத்திரை மூன்றையும் ஒருசேரக் காக்கும் மனத்தில் வேறு நினைவுக்கு இடமில்லை. யோகம் சொல்லும் ஒருமுகப்பாடு இதுவே. சைவ மரபில் நடராசரின் ஆட்டம் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலைக் குறிப்பதால், ஆடுவோருக்குப் பயிற்சியே வழிபாடாகிறது.

சிதம்பரம் நடராசர் கோயிலுக்குச் செல்பவர்கள் கோபுர வாயிலில் சற்று நின்று பாருங்கள். கரணச் சிற்பங்கள் இருபுறச் சுவர்களிலும் வரிசையாக உள்ளன.