உங்களுக்குத் தெரியுமா? எஸ்.பி.எம். முடிவுத் தாளை வாசிக்கும் முன்…

● மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவுத் தாளில் மதிப்பெண் இருக்காது. பாடத்தின் பெயர், அதற்கு நேரே கிரேடு, பக்கத்தில் மலாயில் அதன் விளக்கம். ஏ+ என்றால் ‘செமெர்லாங் தெர்திங்கி’, ஏ என்றால் ‘செமெர்லாங் திங்கி’, ஏ- என்றால் ‘செமெர்லாங்’. மூன்றும் சிறப்புத் தேர்ச்சியே. “ஏ மைனஸ்தானா?” என்று பிள்ளையிடம் முகம் சுளிப்பதற்கு முன் பெற்றோர் அந்த வரியை வாசிக்க வேண்டும். எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தக் கிரேடு என்பதைத் தேர்வு வாரியம் வெளியிடுவதில்லை. 90 எடுத்தால் ஏ+ என்பது பள்ளித் தேர்வுக் கணக்கு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் என்னும் அரசாங்கப் பல்கலைக்கழக முன்படிப்பில் இடம் உறுதி என்று 2024 ஜூனில் அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டு அந்தப் பத்தில் ஏ- சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் நிபந்தனைகளை முழுமையாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

● ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். 2021இல் ரத்தானது, மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 2022இல் போனது. ஆகவே இன்று எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கு முதல் பெரிய அரசாங்கத் தேர்வே அதுதான், அதுவும் 17 வயதில். அப்பா அம்மா 12 வயதிலேயே தேர்வு மண்டபத்தைப் பார்த்தவர்கள், பிள்ளை பார்த்ததில்லை. பழைய ஆண்டுத் தாள்களை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுவது முன்பைவிட இப்போது அவசியம்.

● பள்ளியின் சராசரி கிரேடு குறையக் குறைய நல்லது. ஏ+ என்றால் 0, ஜி என்றால் 9 என்று கணக்கு. நாடு தழுவிய சராசரி 2023 தேர்வில் 4.60, 2024இல் 4.49. அதாவது முன்னேற்றம்.

● மற்ற பாடங்களில் எத்தனை ஏ வாங்கினாலும், மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தேறவில்லை என்றால் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. வரலாற்றுக்கு இந்த விதி 2013இல் வந்தது. இரண்டையும் மறுதேர்வில் எழுதலாம் என்பதைச் சொல்ல ஆளில்லாமல் சில பிள்ளைகள் படிப்பையே விட்டுவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

● தமிழ்நாட்டில் நீட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதுபவருக்குச் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 போய்விடும். எஸ்.பி.எம். கொள்குறி வினாக்களில் அப்படிக் கழிப்பதில்லை. தெரியாத கேள்விக்கும் ஒரு விடையைக் கறுப்பாக்கிவிட்டு வாருங்கள்.

● எஸ்.பி.எம். முடித்தபின் போகும் ஆறாம் படிவத்தை நம்மவர்கள் ‘வேறு வழியில்லாதவர் போகும் இடம்’ என்று நினைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அங்கே படிக்கும் எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டுப் படிப்பு, மூன்று தவணைகள். முதல் தவணையிலோ இரண்டாம் தவணையிலோ சறுக்கினால் அந்தத் தாளை மறுபடி எழுதலாம். இரண்டில் எது சிறந்ததோ அதுவே கணக்கில் வரும். இன ஒதுக்கீடு கிடையாது. அரசாங்கப் பள்ளியிலேயே படிக்கலாம் என்பதால் வீட்டுச் செலவும் ஏறாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் தகுதி அது. மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்று கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓடுவதற்கு முன், பக்கத்து ஆறாம் படிவ மையத்துக்கு ஒருமுறை போய் விசாரியுங்கள்.

● எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்து யு.பி.யு. என்னும் பொதுச் சேர்க்கை முறை வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்போருக்குத் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாடம். போட்டி கடுமையான துறையில் அந்தப் பத்துதான் உள்ளே விடும், வெளியே நிறுத்தும். சாரணர், பூப்பந்து, பேச்சுப் போட்டி எதுவானாலும் சான்றிதழ்களை ஒரே கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

● தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். நாம் கேட்டால்தான் நடக்கும்.

● ஸ்ரீ கெம்பாங்கானை ஒட்டி செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகம், 1931இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கியது. எஸ்.பி.எம். முடித்த கையோடு சேரக்கூடிய வேளாண் அறிவியல் அடிப்படைப் படிப்பு அங்கே உண்டு. பெரும்பாலான நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

● 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், தேர்வுக்குப் படிப்பதை ஒரு சமூக இயக்கமாகவே ஆக்கியது. பத்துமலைக்குப் போகும் அதன் கல்வி யாத்திரையில் பிள்ளைகளோடு பெற்றோரும் நடக்கிறார்கள்.

● யு.பி.யு. விண்ணப்பம் பெரும்பாலும் எஸ்.பி.எம். முடிவு வரும் முன்பே திறந்துவிடும். படிக்க விரும்பும் துறைகளாக 12 தெரிவுகள் வரை போடலாம். இரண்டு மூன்றோடு நிறுத்தாமல், இணையம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டையும் யோசித்து நிரப்புங்கள். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.