ரெய்கி செய்தால் புற்றுநோய் குணமாகுமா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும், ‘ரெய்கி ட்ரை பண்ணிப் பாருங்களேன்’ என்று யாராவது சொல்வார்கள். அது என்ன?

ஜப்பானில் மிகாவோ உசுயி 1922-ல் தொடங்கிய முறை. உடல்மேல் லேசாகக் கைவைத்து ‘உயிராற்றலை’ச் செலுத்துவதாகச் சொல்கிறார்கள்.

அந்த ஆற்றல் நிஜமா?

இதேபோன்ற ‘தெரப்யூடிக் டச்’ முறையை எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி சோதித்தார். தடுப்புக்கு அப்பால் கை நீட்டிய 21 ஹீலர்களிடம், ‘உங்களின் எந்தக் கைக்கு மேல் என் கை இருக்கிறது?’ என்று கேட்டார். பதில்களில் 44 சதவீதம்தான் சரி. குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக வரும்! 1998-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் இது வெளியானது.

அப்போ வேஸ்ட்டா?

அப்படியும் இல்லை. அமைதியான அறை, அவசரமில்லாத தொடுதல்... பதற்றம் குறைந்ததாகச் சொல்லும் நோயாளிகள் உண்டு. ஆனால், கட்டி கரையாது.

எது ஆபத்து?

சிகிச்சையை விடுவதுதான். 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பியவர்களின் இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 2.5 மடங்காக இருந்தது.

மனஅமைதிக்காகச் செய்வதென்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம். ‘கீமோவை நிறுத்துங்க’ என்று ஹீலர் சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள்.